பல வருஷம் நின்ற ஆர்எக்ஸ் 100: அறிகுறி பார்த்து வீட்டிலேயே பழுது நீக்கும் வழி

செட்டிநாட்டுப் பக்கம் கிடைக்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பல, ஓடித் தேய்ந்தவை அல்ல, நின்று கெட்டவை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என எந்த ஊரிலும் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) மட்டும் திறக்கிற வீடுகள் உண்டு. அவற்றின் பின்கட்டிலோ கார் கொட்டகையிலோ தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வண்டி நிற்கும். மீட்டரில் தூரம் அதிகம் ஏறியிருக்காது. டேங்கில் துரு, சைலன்சரில் குளவிக்கூடு, ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி வளை, கல்லாய் இறுகிய ஆயில் சீல் ஆகியவைதான் அதன் நோய்கள்.

ஓடித் தேய்ந்த வண்டிக்குப் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை), பிஸ்டன், கிராங்க் என்று உள்ளிருந்து தொடங்கலாம். நின்று கெட்ட வண்டிக்கு அது தவறான வழி. பிளாக் (சிலிண்டர்) இன்னும் ஸ்டாண்டர்டு அளவிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அவசரப்பட்டுப் போர் பண்ணினால் (துளையைக் கடைந்து பெரிதாக்கினால்), திரும்பக் கிடைக்காத ஒன்றை லேத்தில் சுரண்டி எறிந்ததாக ஆகும். முதலில் அடைப்பு, அடுத்துத் துரு, பிறகு ரப்பர், கடைசியில்தான் தேய்மானம். கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் இந்த வரிசையே அடிப்படை.

இங்கே மையமாக எடுத்துக்கொண்டது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-இன் கடைசியில் வந்து 1996 வரை தயாரானது. போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., 98 சிசி. ரீட் வால்வ் (உள்ளே மட்டும் வழிவிடும் இதழ்கள்), மிக்குனி கார்புரேட்டர், சிடிஐ (பிளக்குக்குப் பொறி தரும் மின்னணுப் பெட்டி), தனி ஆயில் பம்ப். ராஜ்தூத் 175, ஜாவா, யெஸ்டி போன்ற பாயின்ட் வண்டிகளுக்கு (சிடிஐக்குப் பதில், திறந்து மூடும் தொடுமுனையால் பொறி தருபவை) முறை மாறும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாசாலையிலோ முகப்பிலோ வண்டியைப் பிரிக்க வேண்டாம். அது சுட்ட ஓடு அல்ல. சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்தது. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்; அமிலம் பட்டால் பளபளப்பு அரித்துப் போகும்; இரண்டு கறையும் பிறகு போகாது. முற்றத்திலும் கழுவ வேண்டாம். பல வீடுகளில் முற்றத்துத் தண்ணீர் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போய்ச் சேரும். கொல்லையில் நிழலான இடத்தில் தடித்த தார்ப்பாய் விரித்து, கழிவு ஆயிலையும் பழைய பெட்ரோலையும் கேனில் பிடித்து வையுங்கள்.

கிக்கர் அசையவே இல்லை

கிக்கர் மேல் ஏறி நிற்காதீர்கள். பலமாக மிதித்தால் துருப்பிடித்த ரிங் உடைந்து போர்ட்டில் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயு வழி) மாட்டும், பிளாக்கும் போய்விடும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, வண்டி தள்ளினால் நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். நியூட்ரலில் வண்டி நகர்ந்து, கிக்கர் மட்டும் இறுகியிருந்தால் பிஸ்டனோ கிராங்கோ பிடித்திருக்கிறது என்று பொருள்.

பிளக்கைக் கழற்றி, டீசல் 30 மி.லி.யும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்) ஆயில் 30 மி.லி.யும் கலந்து பிளக் துளை வழியே ஊற்றுங்கள். துளையைத் துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு இடப்பக்க மூடியைத் திறந்து, மேக்னட் (கிராங்க் முனையில் உள்ள காந்தச் சக்கரம்) நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு நூலளவு முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரே பக்கமாக அழுத்தாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொடுப்பதுதான் துருவை உடைக்கும். அசையவில்லையென்றால் இன்னும் 30 மி.லி. ஊற்றி மறுபடி காத்திருங்கள். இந்த வேலையில் பொறுமையைத் தவிர வேறு கருவி பெரிதாக உதவாது.

விட்டுக்கொடுத்ததும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். ரிங் நின்றிருந்த இடத்தில் போரைச் சுற்றி ஒரு துரு வளையம் தெரியும். 400 நம்பர் எமரித் தாளை 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலில் நனைத்து, குறுக்குக் கோடுகள் விழும்படி சாய்வாக, கையால் மட்டும் தேயுங்கள். பிறகு நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். கறை மட்டும் தெரிந்து நகம் மாட்டவில்லை என்றால் அந்தப் போரை வைத்துக்கொள்ளலாம். நகம் மாட்டினால் அது குழி. அதில் கம்ப்ரஷன் நிற்காது. ரிங்கும் சீக்கிரம் தேயும். அப்போதுதான் போர் பண்ண வேண்டும்.

ரிங் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ. வரை நல்ல அளவு. 0.7-ஐத் தாண்டினால் ரிங்கை மாற்ற வேண்டும். புது ரிங் போட்டும் இடைவெளி அதிகமாக இருந்தால் தேய்ந்தது போர்.

போர் பண்ணத்தான் வேண்டும் என்றால் முதலில் பிஸ்டன் வாங்குங்கள், பிறகு பிளாக்கை லேத்துக்குக் கொடுங்கள். ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று வரும். துருக் குழி மறையும் மிகச் சிறிய அளவே போதும். ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூலளவு மாறும். ஆகவே கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து, அதற்கு 0.04 முதல் 0.05 மி.மீ. இடைவெளி வருமாறு போர் ஓட்டச் சொல்ல வேண்டும். பிளாக் திரும்பி வந்ததும் ஒவ்வொரு போர்ட் விளிம்பையும் விரலால் தடவுங்கள். கத்தி முனை போல் இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். நுண்ணிய அரத்தால் விளிம்பை மழுக்கித் தருவதும் போர் வேலையில் சேர்ந்ததுதான். அதைக் கேட்டு வாங்குங்கள். பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் வாய், பள்ளத்தில் உள்ள பின்னில் சரியாக உட்கார வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மூன்று தவணையில் இறுக்குங்கள்.

பிளாக் கழற்றியிருக்கும்போதே கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஆட்டமே இருக்கக் கூடாது. கிராங்கைச் சுற்றினால் கரகரவென்று மணல் அரைபடுவது போலக் கேட்டால் பேரிங்கில் துரு ஏறியிருக்கிறது. அது பிரஸ் உள்ள பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் சுத்தியலால் முயல வேண்டாம்.

கிக்கர் இறங்குகிறது, பிளக்கில் கரண்ட் இல்லை

புது பிளக் ஒன்றை 0.6 முதல் 0.7 மி.மீ. இடைவெளி வைத்துக் கேப்பில் மாட்டி, அதன் மரையை ஹெட்டில் அழுத்திப் பிடித்துக் கிக் செய்யுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் பிடிக்கக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே தள்ளும், பற்றிக்கொள்ளும். பிளக்கை எஞ்சின் உலோகத்தில் படாமல் தொங்கவிட்டும் கிக் செய்யாதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் காயிலையோ சிடிஐயையோ துளைத்துவிடும்.

நீல நிறத்தில் சத்தத்தோடு பாய்ந்தால் சரி. மஞ்சளாக, மெலிதாக இருந்தால் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் அரை அங்குலம் வெட்டி எறிந்து, புதுச் செம்பு தெரியும்படி மறுபடி திருகுங்கள். பல வருஷம் நின்ற வண்டியில் வயர் நுனி பச்சையாகப் பூத்திருக்கும். பல சமயம் இதோடு வேலை முடிந்துவிடும்.

கரண்டே இல்லையென்றால் சிடிஐ வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். யமஹாவில் சாவி அணைந்த நிலையில், வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு வயர் எர்த்தில் சேரும். அப்படித்தான் எஞ்சின் நிற்கிறது. அந்த வயரைச் சிடிஐ சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பிரித்துவிட்டுக் கிக் செய்யுங்கள். இப்போது கரண்ட் வந்தால் பழுது சாவியிலோ, எலி கடித்து எர்த்தில் உரசும் வயரிலோதான். நின்ற வண்டிகளில் சிடிஐ கெட்டதை விடச் சாவிக்குள் பச்சை பிடித்ததே அதிகம்.

அதிலும் வரவில்லையென்றால் மல்டிமீட்டர் வேண்டும். இக்னிஷன் காயிலின் உள்சுற்று ஏறத்தாழ ஒரு ஓம் காட்டும். பிளக் வயர் பக்கம் சில ஆயிரம் ஓம் காட்டும். மேக்னட்டுக்குள் இருக்கும் சோர்ஸ் காயில் சில நூறு ஓம் இருக்கும். சரியான எண்ணை விட முக்கியம், மீட்டர் அசையாமல் நிற்கிறதா என்பது. அசையவில்லையென்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மூன்றும் சரி, எர்த்தும் சரி என்றான பிறகே சிடிஐயைச் சந்தேகப்பட வேண்டும். அதையும் ஓடுகிற வண்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகு வாங்குங்கள்.

மேக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். நெம்பினாலோ தட்டினாலோ கிராங்க் கோணும், காந்தம் வலுவிழக்கும். கழற்றியதும் உட்புறத் துருவைத் துடைத்து, கிராங்கில் உள்ள அரைவட்டச் சாவியைப் பாருங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் தள்ளிப்போகும்; கிக் செய்யும்போது காலைத் திருப்பி அடிக்கும்.

பாயின்ட் வண்டியில் வேலை இன்னும் எளிது. பாயின்ட் முகத்தில் படிந்த பூஞ்சையைத் தாளை ஸ்பிரிட்டில் நனைத்து இழுத்து எடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வையுங்கள். எஞ்சின் ஓடும்போது பாயின்ட்டில் பெரிதாகப் பொறி பறந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். அதைப் பழையதாக வாங்கக் கூடாது.

கரண்ட் இருக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

பத்துக் கிக்குக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் மிஞ்சி வருகிறது.

காய்ந்த பிளக்குக்கு: பிளக் துளையில் 5 மி.லி. புதுப் பெட்ரோல் ஊற்றிப் பூட்டிக் கிக் செய்யுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி நின்றால் எஞ்சினில் குறையில்லை. காக் (டேங்கின் பெட்ரோல் குழாய்த் திருகு), வடிகட்டி, கார்புரேட்டர் என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரமான பிளக்குக்கு: காக்கை மூடி, பிளக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி பத்துப் பதினைந்து முறை மிதித்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பிறகு சோக் இல்லாமல் முயலுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் கம்ப்ரஷன். பிளக் துளையில் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து ஐந்தாறு கிக். 110 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே போனால், துளையில் 5 மி.லி. 2டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவில்லையென்றால் ஹெட் பேக்கிங்.

வடிகட்டி புதிது போட்டும் ஒரு வாரத்தில் அடைக்கிறது

டேங்கின் உள்ளே துரு. வெளியே வண்ணம் அழகாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செம்மண் நிறம். ஜல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்குவது பெரிய செதில்களை மட்டும் எடுக்கும். டேங்க் உள்பக்கம் நசுங்கவும் செய்யும். இதற்கு நல்ல வழி மின்பகுப்பு. துரு ஒரு மின்வேதிச் செயல். அதே செயலைத் திருப்பி ஓட்டினால் துரு கழலும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மின்வேதியியல் நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. சிக்ரி என்று ஊரார் சொல்லும் அந்த ஆய்வகத்தின் துறைகளில் உலோக அரிப்பும் ஒன்று. அதன் அடிப்படைத் தத்துவத்தை ஒரு பேட்டரி சார்ஜரும் சலவைச் சோடாவும் கொண்டு கொல்லையிலேயே செய்யலாம்.

பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, சோப்புத் தண்ணீரால் வாசனை போகும்வரை நாலைந்து முறை அலசுங்கள். காக்கைக் கழற்றி, அந்தத் துளையை ரப்பர் வைத்துத் தகடு போட்டு அடையுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சலவைச் சோடா கலந்து கழுத்து வரை நிரப்புங்கள். கட்டிடக் கம்பி ஒன்றை மரப்பலகையில் துளையிட்டுச் செருகி, டேங்கில் எங்கும் படாமல் நடுவில் தொங்கவிடுங்கள். சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும். 12 வோல்ட், 2 முதல் 4 ஆம்பியர் ஓடினால் போதும். எட்டுப் பத்து மணி நேரத்தில் கம்பி முழுக்கக் கறுப்புச் சேறு ஏறும்; சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள். எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது. அதிலிருந்து வரும் குரோமியம் நஞ்சு. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள்.

முடிந்ததும் இருமுறை அலசி, வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்து, வெயிலில் ஹேர் டிரையர் வைத்து உடனே உலர்த்துங்கள். ஈரம் ஒரு மணி நேரம் நின்றாலும் புதுத் துரு மஞ்சளாகப் படியும். உலர்ந்ததும் 200 மி.லி. பெட்ரோலில் 50 மி.லி. 2டி ஆயில் கலந்து ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். சில டேங்குகளில் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் வண்டியில் பூட்டும் முன் ஓர் இரவு பெட்ரோல் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்துப் பாருங்கள்.

புளி பித்தளைக்கு நல்லது என்று கார்புரேட்டரையும் புளித்தண்ணீரில் ஊற வைப்பது உண்டு. அதன் உடல் துத்தநாகக் கலவை, அமிலம் அரித்துவிடும். சலவைச் சோடாவும் அதற்கு ஆகாது. இன்னொன்று: சட்டத்தின் துருவை எடுக்கும்போது சேசிஸ் எண் உள்ள இடத்தில் கிரைண்டரோ மணல் பீச்சலோ படக் கூடாது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்க, ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி, அந்த ஊசித் துளையை மூடிவிடும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். மின்சார வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து விடுங்கள். குண்டூசியோ இரும்புக் கம்பியோ விட்டால் துளை பெரிதாகி ஜெட் பாழ். கார்புரேட்டர் உடம்பில் உள்ள வழிகளையும் கிளீனர் பீச்சி, மறுமுனையில் வெளிவருகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

பூட்டியதும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங் எந்த இடத்தில் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் குறையும். மூன்று சுற்று வெளியே எடுத்தும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் ஜெட் இன்னும் சுத்தமாகவில்லை.

வண்டி நிற்கும்போது கார்புரேட்டரிலிருந்து சொட்டினால் ஃப்ளோட் ஊசியைப் பாருங்கள். நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகில் ஆட்டி, உள்ளே பெட்ரோல் புகுந்த சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.

இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பரை ஊதவும் இளகவும் வைக்கும். பெட்ரோல் பைப், காக் வாஷர், பேக்கிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் புது ரப்பராக மாற்றிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லையென்றால் காக்கை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டும் ரேஸ் இறங்கவில்லை

இந்த அறிகுறியைப் பொருட்படுத்தாமல் ஓட்டியதால் சீஸ் ஆன எஞ்சின்கள் ஏராளம். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை ஒரு காற்றுப் பம்ப். அங்கே எங்கு கசிந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகும்; பெட்ரோலும் ஆயிலும் விகிதத்தில் குறையும்; பிஸ்டன் சூடேறிப் பிளாக்கில் ஒட்டும். கேபிள் சிக்கியிருக்கிறதா, ஸ்லைடு முழுதாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அவை சரியென்றால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கசியும் இடங்கள் நான்கைந்துதான்: கார்புரேட்டர் மேனிஃபோல்டு ரப்பரின் வெடிப்பு, ரீட் வால்வ் பேக்கிங், பிளாக் அடிப் பேக்கிங், இரு கிராங்க் பாதிகள் சேரும் இடம், மேக்னட் பக்க ஆயில் சீல். நின்ற வண்டியில் முதலும் கடைசியும்தான் பெரும்பாலும் குற்றவாளி. சீலின் உதடு பல வருஷம் ஒரே இடத்தில் காய்ந்து இறுகியிருக்கும். கிராங்க் சுற்றத் தொடங்கியதும் பிளந்துவிடும்.

ஊகத்தில் பிரிக்க வேண்டாம். அழுத்தச் சோதனை செய்யுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும், முள் காட்டும் ரத்த அழுத்தமானியின் பல்பும் மீட்டருமே இதற்குப் போதும். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயை ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி மேனிஃபோல்டையும், ஆயில் பம்பிலிருந்து வரும் சிறு பைப்பையும் அடையுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ஒரு குழாயைப் பற்றவைத்தால் பிளக் துளைக்கான இணைப்பு தயார். பிஸ்டனை அடிமட்டத்தில் வையுங்கள். அப்போதுதான் போர்ட் வழியே கிராங்க் அறைக்கும் காற்று போகும். பல்பை அழுத்தி 250-க்குக் கொண்டு வாருங்கள். அது ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ. ஆறு நிமிடம் பாருங்கள். நிமிடத்துக்கு 50-க்கு மேல் முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. சைக்கிள் பம்பை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அழுத்தம் சட்டென்று மிஞ்சி நல்ல சீலையும் வெளியே தள்ளும்.

கசியும் இடத்தைச் சோப்பு நுரையைத் தூரிகையில் தொட்டுத் தடவித் தேடுங்கள். கிளட்ச் பக்கச் சீல் மட்டும் வெளியே தெரியாது. அதற்கு, கியர் பாக்ஸின் காற்றுப் போக்கியில் ஒரு பைப்பை மாட்டி நுனியைத் தண்ணீரில் விடுங்கள். குமிழி வந்தால் அந்தச் சீல்தான்.

மேக்னட் பக்கச் சீலை எஞ்சினைப் பிரிக்காமலேயே மாற்றலாம். மேக்னட்டும் காயில் தட்டும் கழற்றியதும் அது கண்ணில் படும். சீலின் உலோக முகத்தில் சிறு துளை போட்டு, ஒரு ஸ்க்ரூவை அரைகுறையாகத் திருகி இடுக்கியால் இழுங்கள்; துளை ஆழமாகிப் பேரிங்கைத் தொடக் கூடாது. புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, அதே விட்டமுள்ள பாக்ஸ் ஸ்பேனரால் நேராகத் தட்டி உட்கார வையுங்கள். சீல் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடி வாங்கலாம், ஆனால் சீலையும் பேரிங்கையும் அங்கே பழையதாக வாங்கக் கூடாது.

வெள்ளைப் புகை நிற்கவே இல்லை

முதல் பத்துப் பதினைந்து நிமிடப் புகைக்குப் பயப்பட வேண்டாம். நின்ற காலத்தில் பம்பிலிருந்து கசிந்து கிராங்க் அறையில் தேங்கிய ஆயில் எரிகிறது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், கியர் ஆயிலைக் குறித்து வைத்து 50 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். அளவு குறைந்தால் கிளட்ச் பக்கச் சீல் வழியாக எஞ்சின் அதைக் குடிக்கிறது. புகையின் வாடையும் 2டி வாடையாக இருக்காது. குறையவில்லையென்றால் ஆயில் பம்பின் கேபிள் அளவு தவறியிருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகும்போது பம்ப் சக்கரத்தின் குறி பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மாறாகப் புகையே இல்லையென்றால் அதுதான் ஆபத்து. பம்ப் பைப்பில் காற்று அடைத்திருக்கலாம். காற்று நீக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டு மூடுங்கள். பம்பை நம்பும்வரை, முதல் இரண்டு டேங்குக்கு லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்து ஓட்டுங்கள். பம்ப் இல்லாத பழைய ஜாவா, ராஜ்தூத் வகைக்கு, புதுப் பிஸ்டன் பழகும் வரை லிட்டருக்கு 40 மி.லி.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லை

ஐட்லிங் நன்றாக இருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் மூச்சுத் திணறினால், முதலில் சைலன்சர் வாயில் கையை வையுங்கள். காற்று பலமாகத் தள்ள வேண்டும். குளவி மண்கூடு கட்டியிருந்தால் நீண்ட கம்பியால் குத்தி உடைத்து, சைலன்சரைக் கழற்றித் தலைகீழாகத் தட்டுங்கள். உள்குழாயில் கரி அடைத்திருந்தால் அதைத் தனியே எடுத்து, இரும்பாக இருந்தால் மட்டும் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊற வையுங்கள். தண்ணீரில் சோடாவைச் சேர்க்க வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியம் இதில் பட்டால் கரைந்துவிடும்.

அடுத்து ஏர் ஃபில்டர். பழைய ஸ்பஞ்சு விரல் பட்டாலே பொடியாக உதிரும். அந்தப் பொடி மெயின் ஜெட்டுக்குப் போகும். புது ஸ்பஞ்சை ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் சத்தம் நன்றாக இருக்கும் என்று கழற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. நம் ஊர்ச் செம்மண் புழுதியில் அது போரைத் தேய்க்கும் நேர்வழி. காற்று மிஞ்சி எஞ்சினும் சூடேறும். கடைசியாக ரீட் வால்வ்: இதழ்கள் வெடிக்காமல், இருக்கையில் ஒட்டி நிற்க வேண்டும்.

முதல் கியர் போட்டதும் பாய்ந்து அணைந்துவிடுகிறது

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. கியர் ஆயிலை மாற்றி, எஞ்சினைப் பத்து நிமிடம் சூடாக்கி அணையுங்கள். மூன்றாவது கியரில், கிளட்சை இறுக்கப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். விடவில்லையென்றால் வலப்பக்க மூடியைத் திறந்து பிளேட்டுகளைப் பிரித்து, கழுவி, புது ஆயிலில் ஓர் இரவு ஊற வைத்துப் பூட்டுங்கள். உராய்வைக் குறைக்கும் கார் ஆயில் இங்கே கூடாது. ஈரக் கிளட்சுக்கென்று வரும் பைக் ஆயில்தான்.

ரோட்டில் இறக்கும் முன்

பிரேக் டிரம்மைத் திறந்து பாருங்கள். பழைய லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து வந்து சக்கரத்தையே பூட்டிவிடும். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எறியுங்கள். கேம் தண்டைக் கழற்றித் துருவெடுத்து மெலிதாகக் கிரீஸ் தடவுங்கள். டயரில் பட்டை எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டியதுதான், முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. டியூபும் ரிம் டேப்பும் சேர்த்து. கேபிள்கள் நாலும் புதிது.

சில கிலோமீட்டர் ஓடி, தானாக நின்றுவிடுகிறது

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி விடுங்கள். அந்தச் சத்தம் இல்லையென்றால் உடனே, சூடு ஆறும் முன், பிளக்கில் கரண்ட் பாருங்கள். அரை மணி நேரம் ஆறியதும் கரண்ட் திரும்பி வந்தால், இக்னிஷன் காயிலோ மேக்னட்டுக்குள் உள்ள சோர்ஸ் காயிலோ சூட்டில் விரிந்து உள்ளே அறுகிறது. குளிர்ந்த நிலையில் மீட்டர் சரியாகக் காட்டும்; ஆகவே சூடாக இருக்கும்போதே அளந்தால்தான் பிடிபடும்.

ஓடும்போதே சுருதி இறங்கி, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வேகம் குறைந்தால் அது சீஸ் ஆகப் போகும் அடையாளம். அதே நொடியில் கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். ஆறும்வரை கிக் செய்ய வேண்டாம். ஆறியதும் பிளக் நிறம், ஆயில் வரத்து, காற்றுக் கசிவு ஆகிய மூன்றையும் மறுபடி பார்க்காமல் தொடராதீர்கள்.

புதுப் பிஸ்டனோ ரிங்கோ போட்டிருந்தால் முதல் 500 கி.மீ. மணிக்கு 40-50 கி.மீ.க்குள் வையுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதிய ஓட்டத்தைத் தவிருங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை காலையில் போய், வண்டியை நன்றாக ஆறவிட்டுத் திரும்புவது முதல் சில நாளுக்குச் சரியான தூரம். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளையும் மேனிஃபோல்டு போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். 500-ஆவது கிலோமீட்டரில் கியர் ஆயிலை மாற்றி, வடிகால் போல்ட்டில் உலோகச் செதில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.